புறம்போக்கின் வெள்ளைக் கல்

எண்பத்தேழாம் வருஷத்து அக்டோபர் விருந்தில், மெர்வின் ஹால்டேனின் தட்டில் அடேல் ஃப்ளூரி கிரேவி ஊற்றவில்லை.

சொல்லக் கேட்டால் அற்ப விஷயம்போல் இருக்கும். ஆனால் கனடாவில் எங்கள் கில்டேரி ஊர் மண்டபத்தில் அன்று இருந்த யாரும் அதை மறக்கவில்லை. அறுவடை முடிந்து நடக்கும் வான்கோழி விருந்துக்குச் சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். மண்டபத்து அடுப்படி அடேலின் ராஜ்ஜியம். எந்தச் சட்டி எங்கே இருக்க வேண்டும், உருளைக்கிழங்கில் எவ்வளவு வெண்ணெய் சேர வேண்டும் என்பதெல்லாம் அவள் வைத்த சட்டம். எங்களைப் போன்ற பெண்கள் அவள் சொன்னதைச் செய்வோம். கிரேவியை மட்டும் அவளே கிளறுவாள், அவளே ஊற்றுவாள்.

அன்று நான் அவள் பக்கத்தில் நின்று முட்டைக்கோஸ் சுருள்களைப் பரிமாறிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. உதடுகளைத் தைத்து வைத்ததுபோல் இறுக்கியிருந்தாள். வரிசை நகர்ந்து நகர்ந்து மெர்வின் வந்தார். ஊருக்குத் தெற்கே பெரிய பண்ணை அவருடையது. ஊராட்சி மன்றத்திலும் உறுப்பினர். தட்டை நீட்டியபடி, பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி வேடிக்கையாகக் கேட்டார்:

"என்ன அடேல், இந்த வருஷம் சஸ்கட்டூன் பழம் வச்சுச் சுடுற பை கண்ணுலயே படலையே? பழம் பறிக்க இடுப்பு வளையலையா?"

வரிசை சிரித்தது. அடேல் கரண்டியைச் சட்டிக்குள்ளேயே விட்டாள்.

"செடிய வேரோட பிடுங்கிப் போட்டவன் நீ. என்கிட்ட வந்து பழம் கேக்கறியா?"

"எந்தச் செடி?"

"தெற்குப் புறம்போக்குல இருந்த செடி."

"ஓ, அதுவா! அது இப்ப என் நிலம் அடேல். அந்த வழியா ரோடு வராதுன்னு ஊராட்சியில தீர்மானம் போட்டு என்கிட்ட குடுத்துட்டாங்க. புதர் மண்டிக் கெடந்துச்சு. சுத்தம் பண்ணினேன்."

"புதர் மட்டுமா கெடந்துச்சு? என் ஜனங்க அங்க படுத்திருந்தாங்க மெர்வின். என் தாத்தா, என் பாட்டி, என் தம்பி. அவங்க தலைமாட்டுக் கல்ல எல்லாம் பொறுக்கி எங்கடா போட்டே?"

மெர்வினின் மனைவி டோரீன் மேஜையிலிருந்து எழுந்து, "அடேல், எல்லாரும் சாப்பிடற நேரத்துல இதெல்லாம் பேசணுமா?" என்றாள்.

"சாப்பிடு டோரீன். கல்யாணமாகி வந்த நாளா நான் ஆக்கினதைத்தான் சாப்பிடறே. இன்னைக்கும் வாய மூடிக்கிட்டுச் சாப்பிடு."

மெர்வினின் முகம் சிவந்தது. அவர் கெட்டவர் அல்ல என்று ஊரில் சொல்வார்கள். யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் தன் இயந்திரத்தைக் கொண்டுபோய் அறுவடை செய்துகொடுப்பவர். அதனால்தானோ என்னவோ, தன்மேல் தப்பு என்று யாராவது சொன்னால் அவருக்குத் தாங்காது.

"நான் ஒரு கல்லையும் பொறுக்கல அடேல். வண்டிய ஓட்டினவனக் கேளுங்க" என்று வரிசையின் கடைசியைக் காட்டினார். "உங்க மகன் லூசியன்தான் அந்த நிலம் பூராவும் கல் பொறுக்கினான். கூலி குடுத்தேன். அவன் எதுவும் சொல்லலையே!"

வரிசைக் கடைசியில் லூசியன் வெறும் தட்டோடு நின்றுகொண்டிருந்தான். முப்பது வயது தாண்டிய ஆள். அந்த நேரத்தில் அவன் முகம் சின்னப் பிள்ளையின் முகம்போல் இருந்தது.

அடேல் அவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முன்துணியை அவிழ்த்து மேஜைமேல் எறிந்துவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே போனாள். மெர்வின் தட்டோடு அப்படியே நின்றார். கிரேவியை ஊற்ற எங்களில் யாருக்கும் கை வரவில்லை.

*

எங்கள் சஸ்காச்சுவான் மாகாணத்தில் நிலம் முழுவதும் சதுரம் சதுரமாகத்தான் அளந்திருக்கிறது. சதுரங்களுக்கு நடுவே, பின்னால் சாலை போடலாம் என்று நீளப் பட்டைகளாக விட்ட இடம்தான் புறம்போக்கு. அடேலின் ஜனங்கள் மெத்தி. பிரெஞ்சு வியாபாரிகளுக்கும் கிரீ பழங்குடிப் பெண்களுக்கும் பிறந்து, காட்டெருமை வேட்டையாடி, ஆற்றங்கரையில் நிலம் வைத்திருந்தவர்கள். சதுரம் அளக்க வந்தவர்களை எதிர்த்துச் சண்டை போட்டுத் தோற்றார்கள். தோற்றவர்களுக்கு ஒரு சதுரமும் மிஞ்சவில்லை. கோடுகளுக்கு நடுவே கிடந்த பட்டைகளில் மரக்குடிசை போட்டுக்கொண்டார்கள். அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் கல் பொறுக்கியும் வேர் பிடுங்கியும் பிழைத்தார்கள். நிலவரி கட்டாதவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடையாது. 'புறம்போக்குப் பசங்க' என்றுதான் ஊர் அவர்களைக் கூப்பிட்டது.

அடேலுக்கு எட்டு வயதாக இருந்தபோது ஒரு ஜூன் மாதக் காலையில் ஊராட்சி ஆட்கள் மண்ணெண்ணெயோடு வந்தார்கள். புறம்போக்கைக் காலி செய்ய வேண்டுமாம். ஒவ்வொரு குடிசையாகக் கொளுத்தினார்கள். அவர்களில் ஒருவர் மெர்வினின் அப்பா.

அடேலின் அம்மா ஃபிலோமென் அழவில்லையாம். வீடு எரிந்து அடங்கிய சாம்பலுக்கு நடுவே இரும்பு அடுப்பு மட்டும் நின்றது. சுவர் இல்லை, கூரை இல்லை. அந்த அடுப்பில் விறகு போட்டு, மாவு பிசைந்து, பிள்ளைகளுக்குக் கலெட் ரொட்டி சுட்டுக் கொடுத்தாள் அந்தத் தாய். கொளுத்த வந்தவர்கள் வண்டியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். என்ன நெஞ்சம் அது! பார்க்க எப்படி முடிந்தது அவர்களுக்கு?

பிறகு யாரோ கிழிந்த கூடாரம் ஒன்றைக் கொடுத்தார்கள். அந்தக் கூடாரத்தில் முதல் பனி விழுந்தபோது அடேலின் தம்பி நோர்பேருக்கு நெஞ்சில் சளி கட்டியது. மூன்று வயது. குடும்பத்தின் மற்ற நான்கு குழிகளுக்குப் பக்கத்தில் அவனையும் புதைத்தார்கள். மரச் சிலுவை புல் தீயில் எரிந்துவிடும் என்று தெரிந்த ஃபிலோமென், பள்ளத்தாக்கிலிருந்து ஒரு வெள்ளைக் கல்லைத் தேடி எடுத்து, வயிற்றோடு அணைத்துச் சுமந்து வந்து அவன் தலைமாட்டில் வைத்தாள்.

அந்த விருந்து நாள்வரை அடேல் இதை யாருக்கும் சொன்னதில்லை. ஊரில் எல்லோருக்கும் அவள் பிரெஞ்சுக்காரி. கட்டிக்கொண்டவரும் பிரெஞ்சுக்காரர், அவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். மகனிடமும் அதையேதான் சொன்னாள். ஆனால் ஒவ்வொரு ஜூலையிலும் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு, "சஸ்கட்டூன் பழம் பறிச்சுட்டு வரேன்" என்று தனியாகப் புறம்போக்குக்குப் போவாள். யாரையும் கூடச் சேர்க்கமாட்டாள். பாதி வாளிதான் நிறைந்திருக்கும். கண்கள் சிவந்திருக்கும். வெயில் என்பாள். அந்தப் பழத்தை மாவுக்குள் வைத்துச் சுட்ட பையைத்தான் வருஷா வருஷம் ஊரே சப்புக்கொட்டித் தின்றது.

எண்பத்தேழு ஜூலையில் அவள் வாளியோடு போனபோது அங்கே செடி இல்லை, கல் இல்லை, வீடு இருந்த பள்ளமும் இல்லை. கறுப்பு மண் மேஜைபோல் மட்டமாகக் கிடந்தது.

உழுத நிலத்தில் உறைபனி ஒவ்வொரு வசந்தத்திலும் கற்களை மேலே தள்ளும். அவற்றைப் பொறுக்கி நிலத்தின் மூலையில் குவிப்பது எங்கள் பக்கத்தில் பல் துலக்குவதுபோல் தினப்படி வேலை. ஒரு கல் ஏன் அங்கே இருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. கலப்பைக்கு இடைஞ்சலா, எடுத்து எறி. அவ்வளவுதான்.

ஊராட்சி அலுவலகத்துக்குப் போனாள். அங்கே கல்லறை இருந்ததாக எந்தப் பதிவும் இல்லை என்றார்கள். பதிவு செய்ய அவள் ஜனங்களை எந்த அலுவலகம் உள்ளே விட்டது? அதைக் கேட்க வாயில்லாமல் திரும்பி வந்தாள். அந்தக் கோபத்தை அக்டோபர் வரை அடுப்பில் ஏற்றிவைத்திருந்தாள்.

*

விருந்தன்று அவளை என் வண்டியில்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். நாங்கள் உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்தில் லூசியனும் வந்தான். தொப்பியைக் கழற்றாமல் கதவருகே நின்றான்.

"மா, அங்க யாரு இருந்தாங்க? சொல்லு."

"இப்பக் கேளு. பொறுக்கி எறிஞ்சுட்டு வந்து கேளு!"

"எனக்கு எப்படித் தெரியும்? கியூபெக்ல இருந்து வந்தவங்கன்னு நீதான சொன்னே? பள்ளிக்கூடத்துல மெத்திப் பசங்கள மத்தவங்க அடிக்கும்போது நானும் சேர்ந்து அடிச்சேன் மா. நீதான் அப்படி வளர்த்தே!"

"வேற எப்படி வளர்க்கச் சொல்றே? நானும் புறம்போக்குன்னு உன் நெத்தியில எழுதி அனுப்பச் சொல்றியா? உனக்கு மேஜையும் பெஞ்சும் கெடைக்கணும்னுதான்டா நான் என் அம்மாவ முழுங்கினேன், அப்பாவ முழுங்கினேன்!"

லூசியன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "ஒரு வெள்ளைக் கல்லு இருந்துச்சு மா. கல் பொறுக்கற வண்டியில ஏறல. நான்தான் இறங்கி, கையால தூக்கினேன். அழகா இருக்கேன்னு ஒரு நிமிஷம் பார்த்தேன்."

அடேல் எழுந்துபோய் அவன் கன்னத்தில் அறைந்தாள். அவன் அசையவில்லை. இன்னொரு அறைக்கு ஓங்கிய கை காற்றிலேயே நின்றது. அந்தக் கையைத் தன் வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு அவள் எழுப்பிய சத்தம் இருக்கிறதே... அழுகை என்று அதைச் சொல்ல முடியாது. பிடிபட்ட மிருகத்தின் சத்தம்.

"நாளைக்கே வேலைய விடறேன்" என்றான் லூசியன்.

"விடாதே!" சீறினாள் அவள். "அவன் வேலைய விட்டா அந்த மண்ணுல கால் வைக்க நமக்கு என்ன வழி? கல்லு எங்கயும் போகல, மூலையில குவியலாக் கெடக்கு. எனக்கு வேணுங்கறது அது இல்ல. என் தம்பி எங்க இருக்கான்? அதச் சொல்லு. எந்த எடத்துல?"

அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. வசந்தத்தில் இருவரும் அங்கே போய்ப் பார்த்தார்கள். செடி இருந்தால் செடியிலிருந்து இத்தனை அடி என்று சொல்லலாம், பள்ளம் இருந்தால் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் என்று சொல்லலாம். அடையாளம் ஒன்றும் இல்லாத சமதரையில் அடேல் இங்கும் அங்கும் நடந்தாள். ஓரிடத்தில் நின்று, "இங்கதான்" என்பாள். உடனே, "இல்ல, இல்ல" என்பாள். கடைசியில் மண்ணைக் காலால் உதைத்தாளாம். "எரிச்சீங்க. இப்ப எங்க புதைச்சோம்னுகூட இல்லாமப் பண்ணிட்டீங்களேடா!" என்று யாருமில்லாத வெளியைப் பார்த்துக் கத்தினாளாம்.

அடுத்த வாரம் மெர்வின் அங்கே கோதுமை விதைத்தார்.

*

எண்பத்தெட்டில் மழை எங்களை ஏமாற்றியது. ஜூனில் வெயில் உலை வாய்போல் அடித்தது. குட்டைகள் வற்றி உப்புப் பூத்தன. வேலி ஓரமெல்லாம் காற்று கொண்டுவந்த மண் குவிந்தது. முழங்கால் உயரத்துக்குக்கூட வராத கோதுமை, கதிர் முற்றுமுன்பே வைக்கோல் நிறத்துக்கு மாறியது. ஆகஸ்டில், கிடைத்தவரை மிச்சம் என்று எல்லோரும் அறுவடையில் இறங்கினார்கள்.

லூசியன் மெர்வினின் அறுவடை இயந்திரத்தை ஓட்டினான். தெற்குப் பட்டைக்குள் திரும்பியவன், ஓட்டுநர் கூண்டின் உயரத்திலிருந்து அதைப் பார்த்தான்.

காய்ந்து வெளுத்த கோதுமைக்கு நடுவே பச்சை. வரிசையாக ஐந்து இடங்கள். நான்கு ஒரு ஆள் நீளம், ஒரு ஆள் அகலம்; ஒன்று மட்டும் அதில் பாதி. அங்கே மட்டும் கதிர்கள் இடுப்புயரம் நின்றன. எப்போதோ ஆழமாகத் தோண்டி மூடிய மண் அடியில் ஈரத்தைப் பிடித்துவைத்திருந்தது. நல்ல மழை பெய்திருந்தால் நிலம் முழுக்க ஒரே பச்சையாகி, எவன் கண்ணுக்கும் தெரிந்திருக்காது.

இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தன் பிக்கப் வண்டியில் வீட்டுக்குப் பறந்தான். நான் அடேலோடு வெள்ளரிக்காய் ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்தேன். புழுதியும் உமியும் அப்பிய முகத்தோடு உள்ளே வந்தான். மூச்சு வாங்கியது.

"மா, அஞ்சு."

"என்னடா அஞ்சு?"

"அஞ்சு இருக்கு. நாலு பெருசு. ஒண்ணு சின்னது. கிழக்கு ஓரத்துல."

எத்தனை குழி என்று அவள் அவனுக்குச் சொன்னதே கிடையாது. ஜாடி அவள் கையிலிருந்து நழுவியது. உடைந்ததை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மெர்வின் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"ஏன்டா லூ, ஓடற மெஷின நடு நிலத்துல விட்டுட்டு எங்கடா போனே? இந்த வருஷம் வெளைஞ்சதே ஒரு கைப்பிடி. அதையும் காத்துல பறக்க விடப் போறியா?"

"இதுக்கு மேல வெட்ட மாட்டேன்."

"ஏன்?"

"மேல ஏறிப் பாருங்க."

மெர்வின் முணுமுணுத்துக்கொண்டே கூண்டில் ஏறினார். வெகுநேரம் அங்கேயே நின்றார். இறங்கியபோது தொப்பி கையில் இருந்தது. நிலத்தில் பிறந்து வளர்ந்த மனிதர். தோண்டிய மண் எது, தோண்டாத மண் எது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எனக்குத் தெரியாது அடேல். சத்தியமாத் தெரியாது" என்றார். "சரி. இந்த எடத்த உங்களுக்கு விட்டுக் குடுத்துடறேன். வேலி போட்டுத் தர்றேன். எங்கப்பாகூட அன்னைக்கு இங்க இருந்த ஒரு குடும்பத்துக்குக் கூடாரம் குடுத்ததா சொல்லுவார். நாங்க எப்பவும்..."

"குடுக்கறியா?"

அடேலின் குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நீ யாருடா எனக்குக் குடுக்கறதுக்கு? வீட்டக் கொளுத்திட்டுக் கிழிஞ்ச கூடாரம் குடுத்தான் உங்கப்பன். அந்தக் கூடாரத்துலதான் என் தம்பி செத்தான். குழிய உழுதுட்டு வேலி குடுக்கறே நீ. உங்க குடும்பத்துக்குக் குடுக்கறதுல ரொம்ப ஆசை! போ. போய்க் கல்ல எடுத்துட்டு வா. லூசியன், நீ நில்லுடா. நீ ஒரு தடவ தூக்கினது போதும். இவன் தூக்கட்டும்."

மெர்வின் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு மூலையில் இருந்த கற்குவியலை நோக்கி நடந்தார். ஊராட்சி மன்ற உறுப்பினர், பெரிய பண்ணைக்காரர், அந்த வெயிலில் கல் சுமந்தார். அவர் தூக்கிய முதல் கல்லைப் பார்த்து அடேல், "அது இல்ல" என்றாள். இரண்டாவதுக்கும் அதையே சொன்னாள். அவர் குவியலைக் கிளறினார். விரல் நசுங்கியது. கடைசியில் வெள்ளைக் கல்லை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தார். ஃபிலோமென் சுமந்ததும் இப்படித்தான் இருந்திருக்கும். அவள்மேல் யாரும் பரிதாபப்படவில்லை. எனக்கும் அன்று மெர்வின்மேல் பரிதாபம் வரவில்லை.

"அந்தச் சின்னதுக்குத் தலைமாட்டுல வை. போடாதே, வை. குனிஞ்சு வை."

அவர் மண்டியிட்டு வைத்தார். அடேல் குனிந்து அந்தக் கல்லின்மேல் உள்ளங்கையை வைத்தாள். "நோர்பேர்" என்றாள். லூசியன் அவள் பின்னால் நின்று, பழகாத சொல்லைச் சொல்வதுபோல், "நோர்பேர் மாமா" என்றான். அவ்வளவு நேரம் கல்லாக நின்றவள் அப்போதுதான் உடைந்தாள். மகனின் புழுதிச் சட்டையைப் பிடித்து இழுத்து அவன் மார்பில் முகத்தை முட்டிக்கொண்டாள்.

மெர்வின் கையைத் தட்டிக்கொண்டே எழுந்தார். "இப்பவாவது கோபம் தணிஞ்சுதா அடேல்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"தணியறதா? இந்தப் பட்டையில எங்க வீடு ஒண்ணுதான் இருந்துச்சுன்னு நெனச்சியா? கிழக்கால டெஜார்லே வீடு. அதுக்கு அந்தப் பக்கம் பெல்த்தியே வீடு. அப்புறம் ரெண்டு வீடு. எல்லார் வீட்டுலயும் செத்தாங்க. எல்லாரையும் இங்கதான் புதைச்சாங்க. அந்த வீட்டுப் பிள்ளைங்களும் எங்கயோ போய்ப் பிரெஞ்சுக்காரங்களா இருக்காங்க. அடுத்த வருஷம் மழை பெஞ்சுட்டா எதுவும் தெரியாது."

"அடேல், அறுவடை நிக்குது. காத்து வேற..."

"நிக்கட்டும்."

அறுவடை இயந்திரத்தின் ஏணியைப் பிடித்து அவளே ஏறினாள். ஐம்பத்தெட்டு வயது, பருத்த உடம்பு, ஊறுகாய் வாசம் வீசும் முன்துணி. பாதியில் மூச்சு வாங்க நின்றாள். லூசியன் பின்னால் ஏறி அவளைத் தாங்கிக்கொண்டான். கூண்டுக்குள் அவன் இருக்கைக்குப் பக்கத்தில், கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"வெட்டுக் கத்திய மேல தூக்குடா. ஒரு கதிரும் வெட்டுப்படக் கூடாது. மெதுவாப் போ."

இயந்திரம் உறுமிக்கொண்டு கிளம்பியது. ஒன்றையும் வெட்டாமல், காய்ந்த கோதுமைக்கு மேலே கத்தியைத் தூக்கிக்கொண்டு, புறம்போக்கின் நீளத்துக்குக் கிழக்கே நகர்ந்தது. நசுங்கிய விரலைப் பிடித்துக்கொண்டு மெர்வின் பின்னால் நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் கூண்டின் கதவு திறந்தது. அடேல் பாதி உடம்பை வெளியே நீட்டி, கையால் கீழே காட்டினாள்.

"மெர்வின்! இங்க மூணு. போய்க் கல்லு எடுத்துட்டு வா!"